கல்லூரிப் படிப்பும் கல்விக் கடனும் – ஒரு வரலாற்றுப் பார்வை



ஒவ்வோர் ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான பின் நமது கம்பம் பள்ளத்தாக்கின் இல்லங்களில் மகிழ்ச்சியும் கவலையும் ஒருசேரக் குடிபுகுகின்றன. முல்லைப் பெரியாற்று நீரைக் கொண்டு முதல்போக நெல் சாகுபடி செய்யும் 14,707 ஏக்கர் நிலத்திற்கு வழக்கமாகத் தண்ணீர் திறக்கப்படுவது ஜூன் மாதத்தில்தான். நாற்றுக்கும் உழவுக்கும் கூலிக்கும் கையிருப்பைச் செலவிட வேண்டிய அதே வேளையில்தான் கல்லூரிக் கட்டணமும் வந்து நிற்கிறது. மலையில் ஏலக்காய் எடுப்பு தொடங்கிப் பணம் புழங்க மேலும் சில மாதங்கள் ஆகும். ஆகவே வீட்டிலுள்ள நகை அடகுக்குச் செல்கிறது. அல்லது வங்கியில் கல்விக் கடனுக்கு விண்ணப்பம் எழுதப்படுகிறது. வட்டி குறித்த அச்சமுடைய பெற்றோர் பள்ளிவாசலுக்கு வந்து வழி கேட்கின்றனர். இந்த நிலை எவ்வாறு உருவாயிற்று, இதற்கு முன் மாணவருக்குப் பொருள் உதவி செய்தவர் யார், அவ்வுதவி எப்போது கடனாக மாறியது என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓதுவோருக்கு ஊர் சோறிட்ட காலம்

மாணவரின் உணவும் உறைவிடமும் சமுதாயத்தின் பொறுப்பு என்னும் கருத்து இஸ்லாமிய வரலாற்றில் மிகத் தொன்மையானது. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் நிஜாமுல் முல்க் பக்தாதில் நிறுவிய நிஜாமிய்யா மதரஸாவுக்கு வக்ஃபு சொத்துக்கள் ஒதுக்கப்பட்டன. பின்னர் கலீஃபா முஸ்தன்ஸிர் அதே நகரில் நிறுவி, கி.பி. 1234-இல் திறந்து வைத்த முஸ்தன்ஸிரிய்யா மதரஸாவில் நான்கு மத்ஹபுகளுக்கும் தலா 62 மாணவர்கள் என இடங்கள் வரையறுக்கப்பட்டன. அவர்களுக்கு உணவுடன் மாதம் ஒரு தீனார் உதவித்தொகையும் வழங்கப்பட்டது. இது கடன் அன்று. திருப்பிச் செலுத்த வேண்டியதும் அன்று. நிலையான சொத்தின் வருவாயிலிருந்து ஆண்டாண்டாகக் கிடைத்து வந்த கொடையாகும்.

நமது தமிழகத்து அரபுக் கல்லூரிகளும் இதே வழியில் வந்தவையே. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் முதலாகப் பல மதரஸாக்களில் ஓதிய ஏழை மாணவர்கள் கட்டணம் ஏதுமின்றி ஆலிம்களாக வெளிவந்தனர் என்றால், அதற்குக் காரணம் ஊர்தோறும் நல்லுள்ளம் படைத்தோர் அளித்த கொடைகளே.

1835-இல் நேர்ந்த மாற்றம்

கிழக்கிந்தியக் கம்பெனியாரும் தொடக்கத்தில் இம்முறையையே பின்பற்றினர். 1781-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் தொடங்கிய கல்கத்தா மதரஸாவிலும், வடமொழிக் கல்லூரிகளிலும் மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கப்பட்டது. 1835 பிப்ரவரியில் மெக்காலே தமது புகழ்பெற்ற குறிப்பில் இதனைக் கண்டித்தார். அரபியும் வடமொழியும் பயில்வோருக்கு நாம் பணம் கொடுக்க வேண்டியுள்ளது, ஆங்கிலம் பயில்வோரோ நமக்குப் பணம் கொடுக்க ஆயத்தமாக உள்ளனர் என்பது அவர் வாதத்தின் சாரம். அதே ஆண்டு மார்ச் 7-ஆம் நாள் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிறப்பித்த தீர்மானம், அக்கல்லூரிகளில் புதிதாகச் சேரும் எவருக்கும் உதவித்தொகை கிடையாது என்று விதித்தது. படிப்புக்கு மாணவனின் குடும்பமே பொருள் தர வேண்டும் என்னும் எண்ணம் அரசின் கொள்கையாக வேரூன்றியது இக்காலத்தில்தான்.

அதே காலத்தில் வங்காளத்தில் நடந்த மற்றொரு செய்தியும் நாம் நினைவிற்கொள்ளத் தக்கது. ஹூக்ளியைச் சேர்ந்த ஹாஜி முஹம்மது முஹ்ஸின் 1806-இல் தம் பெருஞ்சொத்தை வக்ஃபு செய்து, 1812-இல் மறைந்தார். அந்த வக்ஃபின் வருவாயிலிருந்து 1836-இல் ஹூக்ளிக் கல்லூரி தொடங்கப்பட்டது. ஆயினும் அங்கு பயின்றோரில் முஸ்லிம்கள் மிகச் சிலராகவே இருந்தனர். 1871-இல் டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர் தமது நூலில் இக்குறையைச் சுட்டிக்காட்டினார். பின்னர் 1873-இல்தான் அந்நிதி முஸ்லிம் மாணவர்களின் கல்விக்கெனத் திருப்பப்பட்டு, அவர்களது கட்டணத்தின் பெரும்பகுதியை ஏற்கத் தொடங்கியது. கொடை இருந்தும், அது உரியவரைச் சென்றடைய அறுபது ஆண்டுகள் ஆயின. கொடுப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. அது யாரிடம் போய்ச் சேர்கிறது எனக் கண்காணிப்பதும் கடமையே என்பதை இது உணர்த்துகிறது.

கொடைக்கும் வணிகக் கடனுக்கும் இடைப்பட்ட ஒரு வழியை 1892-இல் ஜாம்ஷெட்ஜி டாடா தொடங்கினார். மேற்படிப்பிற்காக வெளிநாடு செல்லும் இந்தியருக்கு, கற்று முடித்துப் பொருளீட்டிய பின் திருப்பித் தரும் வகையில் அவரது அறக்கட்டளை கடனுதவி அளித்தது. திரும்பி வரும் பணம் அடுத்த மாணவருக்குப் பயன்படும் என்னும் ஏற்பாடு அதில் இருந்தது. பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான கே. ஆர். நாராயணன் இலண்டன் சென்று பயின்றதும் டாடா உதவியினாலேயே.

நமது பள்ளத்தாக்கில்

1895-இல் பெரியாறு அணை நிறைவுற்று நீர் வந்தபின் நமது பகுதியில் வேளாண்மை செழித்தது. ஆனால் கல்லூரி வரவில்லை. கல்லூரிப் படிப்பு வேண்டுமாயின் மதுரைக்குச் செல்ல வேண்டும். 1881-இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரியும், மதுரைக் கல்லூரியும் அங்கே இருந்தன. 1928-இல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ரயில் வந்தது உண்மையே. எனினும் உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்கள் ரயில் பாதையில் இல்லை. கல்லூரிக் கட்டணத்தைக் காட்டிலும் விடுதிச் செலவே குடும்பங்களைத் தடுத்தது. வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே பட்டம் பெற்றதற்கு இதுவே காரணம்.

இந்தத் தடையை உடைத்தது கடன் அன்று, ஒரு கொடையே. 1956-இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் அவர்களின் பெருமுயற்சியால் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி நிறுவப்பட்டது. தமிழகத்து முஸ்லிம் பெருமக்கள் கல்லூரிகள் நிறுவுவதில் முனைந்து நின்ற காலம் அது. 1951-இல் சென்னையில் புதுக் கல்லூரியும், திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் தொடங்கப்பட்டிருந்தன. 1964-இல் மதுரையில் வக்ஃபு வாரியக் கல்லூரி தோன்றியது. போடிநாயக்கனூரில் ஏல விவசாயிகள் தம் சங்கத்தின் பெயராலேயே ஒரு கல்லூரி நடத்தியதும், பெரியகுளத்தில் 1971-இல் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரி தொடங்கப்பட்டதும் இங்கே குறிப்பிடத் தக்கன.

இவற்றின் பயன் யாது? காலையில் வீட்டில் உண்டு, பேருந்தேறிச் சென்று, மாலையில் வீடு திரும்பிப் பட்டம் பெறலாம் என்னும் நிலை உருவாயிற்று. அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஆசிரியர் ஊதியத்தை அரசே ஏற்றதால் கட்டணமும் குறைவாக இருந்தது. விடுதிச் செலவு நீங்கியதே ஒவ்வொரு மாணவருக்கும் கிடைத்த பெரும் உதவித்தொகையாகும். பெண்மக்களைப் பொறுத்தவரை இது இன்னும் பேருண்மை. மதுரைக்கு அனுப்பத் தயங்கிய பெற்றோர் அருகிலுள்ள கல்லூரிக்கு அனுப்ப இசைந்தனர்.

அரசின் உதவித்தொகையும் வட்டியில்லாக் கடனும்

விடுதலைக்கு முன்பே, 1944-இல், ஆதிதிராவிட மாணவர்களுக்குப் பள்ளி மேற்படிப்பு உதவித்தொகையை மத்திய அரசு தொடங்கியது. பின்னர் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் மாநில அரசின் உதவிகள் விரிவடைந்தன. ராவுத்தர், மரைக்காயர் ஆகியோரை உள்ளடக்கிய லப்பை வகுப்பினர் தமிழகத்தின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெற்றிருந்ததால் நம்மவரும் அவற்றில் பயனடைந்தனர்.

1963-இல் மத்திய அரசு தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டத்தைக் கொண்டு வந்தது. இன்று பலரும் மறந்துவிட்ட இத்திட்டத்தின் சிறப்பு யாதெனில், அது முற்றிலும் வட்டியில்லாதது. தகுதியும் வறுமையும் உடைய மாணவர் படித்து முடித்து வேலை பெற்ற பின் அசலை மட்டும் தவணைகளில் செலுத்தினால் போதும். ஆசிரியப் பணியை மேற்கொண்டோருக்குப் பணியாற்றும் ஒவ்வோர் ஆண்டுக்கும் கடனில் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி செய்யப்பட்டது. அரசே வட்டியின்றிக் கடன் கொடுத்த காலம் நமது நாட்டிலேயே இருந்திருக்கிறது. ஆனால் அத்திட்டம் நிலைக்கவில்லை. கடன் பெற்றோரில் பெரும்பாலோர் திருப்பிச் செலுத்தவில்லை; வசூலிக்கவும் முறையான ஏற்பாடு இல்லை. திரும்பி வராத பணத்தால் அடுத்த தலைமுறைக்கு உதவ இயலாமற் போயிற்று.

அரசு உதவி எட்டாத இடத்தில் குடும்பமே கைகொடுத்தது. 1950-களில் சென்னை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் பயிலச் சேர்க்கை பெற்ற இராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாமுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. தந்தையிடம் அத்தொகை இல்லை. சகோதரி ஸொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். தம் சொந்த உழைப்பாலேயே அந்நகைகளை மீட்பேன் என உறுதி பூண்டதாகக் கலாம் தம் வரலாற்று நூலில் பதிவு செய்துள்ளார். நமது இல்லங்களில் இத்தகைய சகோதரிகளும் தாய்மாரும் எத்தனையோ பேர். அவர்களின் பெயர்கள்தாம் எந்நூலிலும் இல்லை.

வங்கிக் கடன் வந்த வழி

1984-இல் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அரசு தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி அளித்தது. இடங்கள் பெருகின, கட்டணமும் பெருகிற்று. 1993-இல் உச்ச நீதிமன்றம் உன்னிகிருஷ்ணன் வழக்கில் இடங்களில் பாதியைக் குறைந்த கட்டண இடங்களாக வகுத்தது. 2002-இல் டி. எம். ஏ. பாய் வழக்கின் தீர்ப்பு அம்முறையை மாற்றியது. கல்வியின் செலவு அரசிடமிருந்து பெற்றோரின் தோளுக்கு இறங்கிய காலம் இது.

அந்த இடைவெளியை நிரப்பவே 2001-இல் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் வந்தது. உள்நாட்டில் படிக்க ஏழரை லட்சம் ரூபாய் வரையும், வெளிநாட்டில் படிக்கப் பதினைந்து லட்சம் வரையும் கடன் தர வங்கிகள் அறிவுறுத்தப்பட்டன. பின்னாளில் இவ்வரம்புகள் உயர்ந்தன. நான்கு லட்சம் வரை சொத்துப் பிணை தேவைப்படவில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு, அல்லது வேலை கிடைத்து ஆறு மாதம், இவற்றுள் எது முந்தியதோ அப்போதிருந்து தவணை தொடங்கியது. சொத்தில்லாத விவசாயக் கூலியின் மகனும் பொறியியல் படிக்கலாம் என்னும் வாய்ப்பை இத்திட்டம் திறந்தது என்பதை மறுக்க இயலாது. நாட்டிலேயே கல்விக் கடன் மிகுதியாகப் பெற்ற மாநிலங்களுள் தமிழகம் முன்னணியில் நின்றது.

ஆனால் இதன் கணக்கைப் பெற்றோர் பலர் போட்டுப் பார்க்கவில்லை. ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்காண்டுகளில் நான்கு லட்சம் பெறும் மாணவனுக்கு 12 விழுக்காடு தனிவட்டி எனக் கொள்வோம். முதல் லட்சத்திற்கு ஐந்தாண்டு, அடுத்ததற்கு நான்கு, பின்னர் மூன்று, இரண்டு என வட்டி சேர்ந்தால், முதல் தவணை கட்டும் முன்னரே 1,68,000 ரூபாய் வட்டி மட்டும் நிற்கும். அதன் பின்னரும் வட்டி ஓடிக்கொண்டேயிருக்கும். படிப்புக்கேற்ற வேலை கிடைக்காதோர் நிலை என்னவாகும்? தவணை தவறிய கடன்கள் வசூல் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டதையும், 2016-இல் மதுரையில் பொறியியல் பட்டதாரி இளைஞர் ஒருவர் கடன் நெருக்கடியால் தம் உயிரை மாய்த்துக்கொண்டதையும் செய்தித்தாள்களில் படித்தோம்.

2009-10 கல்வியாண்டு முதல் மத்திய அரசு வட்டி மானியத் திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. பெற்றோரின் ஆண்டு வருமானம் நாலரை லட்சத்திற்கு உட்பட்டிருந்தால், தவணை தொடங்கும் வரையிலான வட்டியை அரசே வங்கிக்குச் செலுத்தும். மேற்கண்ட கணக்கில் 1,68,000 ரூபாய் குடும்பத்தின் மீது விழாது. எனினும் அதன் பின் ஓடும் வட்டி மாணவரைச் சார்ந்ததே.

சிறுபான்மையினர் உதவிகளின் ஏற்றமும் இறக்கமும்

2006 நவம்பரில் வெளியான நீதிபதி சச்சார் குழுவின் அறிக்கை முஸ்லிம்களின் கல்வி நிலையை நாட்டின் முன் வைத்தது. 2007-08 முதல் மத்திய அரசின் பள்ளி மேற்படிப்பு உதவித்தொகையும், தொழிற்கல்விக்கான தகுதி மற்றும் வருவாய் அடிப்படையிலான உதவித்தொகையும் சிறுபான்மையினருக்கு வந்தன. ஆய்வு மாணவர்களுக்கு மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை 2009-இல் தொடங்கியது. தமிழகத்தில் 2007 செப்டம்பரில் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு வழங்கப்பட்டது. 1999-இல் தோன்றிய தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் குறைந்த வட்டியில் கல்விக் கடன் அளித்தது. 2010-11 முதல் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்விக் கட்டணத்தை மாநில அரசு ஏற்றது.

பின்னர் இறக்கமும் வந்தது. வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் அளித்த படோ பர்தேஷ் திட்டமும், மௌலானா ஆசாத் உதவித்தொகையும் 2022-23 முதல் நிறுத்தப்பட்டன. மறுபுறம், தமிழக அரசு 2022-இல் புதுமைப்பெண் திட்டத்தையும், 2024-இல் தமிழ்ப்புதல்வன் திட்டத்தையும் தொடங்கி, அரசுப் பள்ளிகளில் பயின்று கல்லூரி சேர்ந்தோருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கியது. 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் பிணையும் ஜாமீனும் இல்லாக் கடனுக்கு வழி செய்தது. ஆனால் அது தரவரிசையில் தேர்ந்த 860 கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் எனத் தொடங்கிற்று. வட்டி மானியத்திற்கும் 2018 முதல் கல்லூரியின் தரச்சான்று நிபந்தனையாயிற்று. எனவே எந்தக் கல்லூரியில் சேர்கிறோம் என்பதே எந்த உதவி கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கும் காலம் வந்துவிட்டது. சேர்ந்த பின் விசாரிப்பது பயன் தராது.

வட்டியின்றி வழியுண்டா?

வங்கிக் கல்விக் கடனின் மார்க்கச் சட்டம் குறித்து உலமாக்களிடம் நேரில் கேட்டுத் தெளிவு பெறுதலே முறை. இக்கட்டுரை தீர்ப்புரைக்க வந்ததன்று. ஆயினும் மாற்று வழிகள் உலகில் முயலப்பட்டுள்ளன என்பதை வரலாறு காட்டுகிறது. மலேசிய அரசு 1997-இல் தொடங்கிய உயர்கல்வி நிதி 2008-இல் வட்டி முறையைத் தவிர்த்து, ஒரு விழுக்காடு பணிக்கட்டணம் பெறும் முறைக்கு மாறியது. பிரிட்டனில் முஸ்லிம் மாணவர்களின் தயக்கத்தைக் கருதி வட்டியில்லா மாற்று நிதிக்கு 2017-இல் சட்டத்தில் இடமளிக்கப்பட்டது. ஆனால் நடைமுறை பல்லாண்டுகள் தாமதமாயிற்று.

நமக்கு மிக நெருங்கிய முன்மாதிரி இஸ்லாமிய வளர்ச்சி வங்கி 1983-இல் தொடங்கிய திட்டமாகும். உறுப்பு நாடல்லாத நாடுகளின் முஸ்லிம் மாணவர்களுக்கு, இந்தியா உட்பட, மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளுக்கு அது உதவியது. அத்தொகை மாணவருக்கு வட்டியில்லாக் கடன், சமுதாயத்திற்கோ கொடை. மாணவர் திருப்பிச் செலுத்தும் பணம் வங்கிக்குச் செல்வதில்லை. உள்நாட்டு அறக்கட்டளையில் சேர்ந்து அடுத்த மாணவருக்கு உதவுகிறது. கொடையும் கடனும் இங்கே ஒன்றாகி நிற்கின்றன.

ஜமாஅத்துகள் அறிய வேண்டியவை

இந்நெடிய வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றே. கொடை உரியவரைச் சேர வேண்டும். கடன் உரிய காலத்தில் திரும்ப வேண்டும். முஹ்ஸின் வக்ஃபு முதலாவதில் தடுமாறியது. 1963-ஆம் ஆண்டின் வட்டியில்லாக் கடன் இரண்டாவதில் வீழ்ந்தது. வட்டியில்லாத் திட்டம் தோற்றதற்கு வட்டி இல்லாமை காரணமன்று. கணக்கும் வாக்குறுதியும் காக்கப்படாமையே காரணம்.

ஊர்தோறும் ஜமாஅத்துகள் பைத்துல்மால் வழியாகக் கல்விக்கு உதவ முன்வருவது மகிழ்ச்சிக்குரியது. ஜகாத் பெறத் தகுதியுடைய மாணவருக்கு அதைக் கடனாக அன்றி அவருக்கே உரிமையாக்கிக் கொடுத்துவிட வேண்டும். நடுத்தரக் குடும்பத்தாருக்குப் பொது நன்கொடையிலிருந்து அழகிய கடன் அளிக்கலாம். அதனை எழுதிச் சாட்சி வைத்துக் கொடுப்பது அவநம்பிக்கை ஆகாது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியதே என்பதை நாம் நன்கறிவோம். ஒரு மாணவர் திருப்பிய பணத்தில் மற்றொருவர் சேர்க்கை பெற்றார் என ஆண்டறிக்கையில் ஒரு வரி இடம்பெறுமாயின், கடன் பெற்றவருக்கும் கொடுத்தவருக்கும் அதைவிடப் பெரிய ஊக்கம் வேறில்லை.

பெற்றோர்களும் ஏப்ரல் மாதத்திலேயே வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை வட்டாட்சியர் அலுவலகத்தில் பெற்று வைத்துக்கொள்வார்களாக. அரசு கொடையாகத் தருவதை முதலில் பெறுங்கள். எஞ்சியதற்கு மட்டும் கடனை நாடுங்கள். படித்து உயர்ந்த பிள்ளைகளே! உங்களுக்காக அடகு சென்ற நகையை மீட்பதும், உங்களுக்குக் கிடைத்த உதவியைப் பின்வருவோருக்குத் திருப்புவதும் உங்கள் முதல் ஊதியத்தின் கடமைகளாகட்டும்.

கருத்த ராவுத்தர் அவர்களின் கொடையால் நமது பள்ளத்தாக்கில் எத்தனையோ இல்லங்களில் முதல் பட்டதாரிகள் தோன்றினர். அத்தகைய நற்பணி நம் கரங்களாலும் நிகழ வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.